மைக் வேண்டாத கச்சேரி

சொரிமுத்துவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை ஒரு ஆம்ப்ளிஃபையரில் சொருகியிருந்தால் தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் ஜன்னல்கள் அதிர்ந்திருக்கும். நல்லவேளை, கோபத்தைச் சொருகுவதற்கு இன்னும் யாரும் ஒயர் கண்டுபிடிக்கவில்லை.

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் 'சொரிமுத்து சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு தொங்குகிறதே, அந்தக் கடையின் முதலாளி அவர். கோயில் கொடை, கல்யாணம், கணபதி விழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, அந்தப் பக்கத்துத் தமிழன் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி பேச வேண்டுமென்றால் சொரிமுத்துவின் ஸ்பீக்கர் வேண்டும். கூடவே நாற்காலி, ஃபேன், ஜமக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுவார். ஆனால் அதெல்லாம் தொட்டுக்கொள்ள. சோறு என்றால் ஸ்பீக்கர்தான்.

அன்றைக்கு நாலு பெரிய ஸ்பீக்கர்களையும் கடை வாசலில் இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மும்பையின் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய சர்ச்சில் கச்சேரி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து வயலின் வாசிக்கிறார்களாம். சங்கரன் என்று ஒருவர், அணுசக்தி நகரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி மாட்டுங்காவில் இருப்பவர், கடைக்கே வந்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளைக்காரன் முன்னால் நம் சவுண்டைக் காட்ட வேண்டும் என்று சொரிமுத்து துடைத்த துடைப்பில் ஸ்பீக்கரின் பெயிண்டே வந்துவிடும் போலிருந்தது.

உள்ளேயிருந்து மனைவி முருகம்மாள் வந்தாள். வந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது.

"என்னது?"

"ஸ்பீக்கர என்னத்துக்குத் தொடைக்கீங்க?"

"என்னதுட்டி? வாயத் தொறந்து பேசு!"

"ஸ்பீக்கர் என்னத்துக்குன்னு கேட்டேன்!" என்று கத்தினாள். எதிர்க்கடை இட்லிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சர்ச்சுக்கு. சங்கரன் சார் ஆர்டர்லா?"

"அவரு நாக்காலியும் ஃபேனும்தான் கேட்டாரு. மைக்கும் கூடாது, ஸ்பீக்கரும் கூடாதுன்னு மூணு வாட்டி சொன்னாரு. நீங்கதான் பூம்பூம் மாடு கணக்கா தலையாட்டுனீங்க!"

சொரிமுத்துவின் கையிலிருந்து துணி விழுந்தது.

இந்தத் தலையாட்டல் விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பது வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற காது அது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. சவுண்ட் மிக்ஸரில் பச்சை விளக்கு எரிந்தால் சத்தம் போதாது, மஞ்சள் எரிந்தால் பரவாயில்லை, சிவப்பு எரிந்தால்தான் திருப்தி. பல வருஷமாக அவர் சத்தத்தைக் காதால் கேட்டு வைப்பதில்லை, விளக்கைப் பார்த்துத்தான் வைக்கிறார். இது அவருக்கே தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. கொரோனாவுக்கு முகமூடி போட்டதிலிருந்து ஜனங்கள் வாயைத் திறக்க மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய கட்சி.

காது கைவிட்ட இடத்தில் கழுத்து கைகொடுத்தது. யார் வந்து எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்பார், எல்லாம் ஆகிவிடும் என்கிற மாதிரி. முக்கால்வாசி நேரம் அது சரியாகவே போய்விடும். மீதிக் கால்வாசியில்தான் வம்பு. ஆண்டாப் ஹில் கோயில் கமிட்டி வந்து கொடைக்கு மூன்று நாளும் ஸ்பீக்கரை இலவசமாகப் போடுவீர்களா என்று கேட்டபோதும் தலையாட்டினார். ஆட்டியது மட்டுமில்லை, சிரித்தபடி ஆட்டினார். கமிட்டி அவருக்கு மாலை போட்டபோதுதான் என்னவோ நடந்துவிட்டது என்று புரிந்தது.

உடனே சங்கரனுக்கு ஃபோன் போட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தார். சங்கரன் சொன்னது ரோட்டில் போகிற எல்லாருக்கும் கேட்டது, ஃபோனைப் பிடித்திருந்தவரைத் தவிர. முருகம்மாள் பக்கத்தில் நின்று மறுஒலிபரப்புச் செய்தாள்.

"மைக் வெச்சா அந்த சவுண்டே போயிடும் மிஸ்டர் சொரிமுத்து. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படிக் கேட்டாளோ, அப்படியே கேக்கணும். அதுக்குத்தான் சர்ச்."

"மைக் வச்சா சத்தம் கெட்டுப் போயிருமாம்!" என்றாள் முருகம்மாள்.

"மைக் வச்சா கெட்டுப் போவுமா? யாருகிட்ட சொல்லுதாரு? மைக் இல்லாம ஒருத்தன் கச்சேரி பண்ணுதான்னா, ஊருக்குக் கேக்கப்படாதுன்னு பண்ணுதான்னுல்லா அர்த்தம்! வீட்டுக்குள்ள உக்காந்து வாசிச்சுக்கிட வேண்டியதுதான? காலிபீலி, வெட்டியா நாக்காலி எதுக்கு?"

"உங்களுக்கும் ஃபேமிலிக்கும் பாஸ் அனுப்பறேன். வந்து கேட்டுப் பாருங்கோ, அப்பறம் சொல்லுங்கோ."

"பாஸ் தாராராம்!"

"பாஸ் யாருக்கு வேணும்!" என்று ஃபோனை வைத்தார். அவர் வைத்த வேகத்துக்கு அது பழைய காலத்து ஃபோனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது மொபைல். திரையைத் தொட்டுத்தான் வைக்க முடிந்தது. அதில் ஒரு கோபம்.

முருகம்மாள் நகரவில்லை.

"இதுக்குத்தான் காது டாக்டர்கிட்ட போவம்னு தலபாடா அடிச்சுக்கிடுதேன்."

இது கேட்டது. சில சொற்கள் எப்படியோ கேட்டுவிடும்.

"என் காதுக்கு என்னட்டி கொற? ஊரே வாய்க்குள்ள பேசுது. டாக்டர்ட்ட காட்டணும்னா ஊரக் கூட்டிட்டுப் போய்க் காட்டு!"

"விஜயா நேத்து வருத்தப்படுதா. புள்ள ஃபோன்ல தாத்தா தாத்தான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சாம். நீங்க 'சரிம்மா, வச்சிரு'ன்னு வச்சிட்டீங்களாம்."

விஜயலட்சுமி அவர்களுடைய மகள். திலக் நகரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுடைய பெண்குழந்தை இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது.

"டவர் இல்லட்டி."

"திலக் நகர்லயா டவர் இல்ல?"

"இல்லன்னா இல்ல!"

முருகம்மாளுக்கும் கோபம் வந்தது. அவள் கோபம் வேறு ஜாதி. அது கத்தாது. ஆனால் இந்த வீட்டில் கத்தாத கோபத்துக்கு மதிப்பில்லை என்பதால் அதையும் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்கம்மா போன சேதி வந்தன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாவகம் இருக்கா? அழுதுகிட்டே வந்து சொன்னேன். 'என்னது'ன்னீங்க. திரும்பவும் சொன்னேன். 'சத்தமாச் சொல்லு'ன்னீங்க. எங்கம்மா செத்துட்டான்னு கத்துனேன். மாடிக்காரங்க ஓடி வந்தாங்க, எதிர்வீட்டு ஜனமெல்லாம் எட்டிப் பாத்துச்சு. அழுதுகிட்டே கத்த முடியாதுங்க. கத்துறதுக்காவ நான் அழுகைய நிப்பாட்டுனேன்."

மாட்டிக்கொண்டால் சொரிமுத்து செய்வது ஒன்றுதான். வால்யூமைக் கூட்டுவார்.

"சரிட்டி! ஞாயித்துக்கெழம நீயும் வா. மைக் இல்லாத கச்சேரிதான? ஒரு இழுப்பு விடாம கேட்டுக் காட்டுதேன். கேட்டுட்டேன்னா இந்த ஜென்மத்துல நீ காது டாக்டர் பேச்ச எடுக்கப்படாது."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா மறுநாளே டாக்டர்ட்ட வாரேன். இந்தா, கரீம் பாய் சாட்சி!"

பக்கத்துக் கடையில் தோல் பை தைக்கும் கரீம் பாட்சா, தன் மிஷினை நிறுத்திவிட்டு இந்தச் சண்டையை முதலிலிருந்தே ரசித்துக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். சொரிமுத்துவுக்கு இருபது வருஷச் சிநேகிதம். சாட்சி என்றதும் கையைத் தூக்கினார்.

"சரி," என்றாள் முருகம்மாள். ஒரே வார்த்தை. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னவளே இல்லை. அப்போதே சொரிமுத்து உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் கோபத்தில் இருப்பவனுக்கு உஷார் எங்கே வரும்?

"இன்னொண்ணு. அதுவரைக்கும் நான் கத்த மாட்டேன். எல்லாரும் பேசுத மாதிரிதான் பேசுவேன்."

சொன்னபடியே செய்தாள். வீடு ஊமைப்படம் ஆகிவிட்டது. அவள் உதட்டை அசைப்பாள், அவர் தலையை ஆட்டுவார். மறுநாள் மத்தியானம் மீன்குழம்பு வாயில் வைக்க முடியாமல் சப்பென்று இருந்தது. என்ன இது என்று கத்தினார். அவள் காலி உப்பு ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். உப்பு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க என்று காலையிலேயே சொன்னாளாம். சரி சரி என்றாராம். அவர் அந்தக் குழம்பை ஒரு துளி விடாமல் குடித்து, "ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ்" என்றார். ஏப்பம் கூடக் கோபமாகத்தான் வந்தது.

சாயங்காலம் கரீம் பாட்சாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"பாய், ஒரு யோசன சொல்லும்."

"சொல்லுதேன். மொதல்ல ஒண்ணு சொல்லும் வே. நெசமாவே காது கேக்கலையா?" என்றார் பாய், மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில்.

"கேக்கும். ஆனா வயலின் கேக்குமான்னுதான்…" என்று இழுத்தார் சொரிமுத்து. அதற்கு மேல் அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

கரீம் பாட்சா யோசித்தார். பை தைக்கிறவர் மூளை. எங்கே மடிக்க வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"நான் உம்ம வலது பக்கம் உக்காந்துக்கிடுதேன். கைதட்டுத எடம் வந்தா முழங்கையால ஒரு இடி. நிப்பாட்டணும்னா ரெண்டு இடி. சரியா?"

"தல எப்ப ஆட்டணும்?"

"அதுக்கு வில்லப் பாத்துக்கிடும். வயலின்காரங்க வில்லு வேகமாப் போனா வேகமா ஆட்டும். மெல்லப் போனா மெல்ல ஆட்டும்."

சொரிமுத்துவின் முகம் மலர்ந்தது. "நம்ம மிக்ஸர் வெளக்கு கணக்கா!"

"அதேதான் வே. அதுலயே முப்பது வருஷம் ஓட்டலையா?"

"முடிஞ்ச பெறவு, எப்படி இருந்துச்சுன்னு கேப்பாளே?"

"தேன் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லும். எந்தப் பாட்டுக்கும் அது செட் ஆவும். டென்சன் ஆவாதயும். பிந்தாஸா, கவல இல்லாம வாரும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சர்ச் என்றால் சர்ச். வெள்ளைக்காரன் கப்பலில் வந்த காலத்தில் கட்டியது. கல் தூண்கள், ஆகாசம் உயரத்துக்குக் கூரை, சுவரெல்லாம் செத்துப்போன துரைமார்களின் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள். கலர் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. மர பெஞ்சுகள் போதாமல் ஓரங்களில் சொரிமுத்துவின் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவருடைய ஃபேன்கள் நாலு மூலையிலும் சுழன்றுகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் இல்லை. தாலி இல்லாத கல்யாணத்துக்கு வந்தது போல இருந்தது அவருக்கு.

சங்கரன் வந்தார். கஞ்சி போட்ட குர்தா, கையில் விசிறி.

"மிஸ்டர் சொரிமுத்து, ஆரம்பிக்கப் போறது. ஃபேனையெல்லாம் ஆஃப் பண்ணிடுங்கோ. கொர்ருன்னு ஒரு சத்தம் வர்றது."

சொரிமுத்து தலையாட்டினார். ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். சங்கரன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தானே போய் நாலையும் அணைத்தார்.

"ஃபேன எதுக்கு நிப்பாட்டுதாரு?" என்று கரீம் பாட்சாவிடம் சீறினார் சொரிமுத்து.

கரீம் காதோரம் குனிந்து, "சத்தம் போடுதாம்!" என்றார்.

"எங்க சத்தம்? நம்ம ஃபேன்லயா? ஒரு சத்தமும் இல்லையே!"

கரீம் பாட்சா பெருமூச்சு விட்டார்.

சங்கரன் எப்படியும் அனுப்பிவிட்ட பாஸைக் காட்டி மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொரிமுத்துவுக்கு வலது பக்கம் கரீம் பாட்சா. இடது பக்கம் முருகம்மாள், பச்சைப் பட்டுப்புடவையில். இரண்டு காதில் இடது காது ரொம்ப மோசம் என்பது முருகம்மாளுக்குத் தெரியும். அவளுக்கு அடுத்து, ஓரத்து நாற்காலி ஒன்றில் சங்கரன் வந்து அமர்ந்தார். யாரும் பேசக் கூடாது, செல்ஃபோனை அணையுங்கள் என்று மேடையிலிருந்து ஒரு அம்மா கேட்டுக்கொண்டாள். அதுவும் மைக் இல்லாமல். சொரிமுத்து அவள் உதட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

கறுப்பு உடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சின்ன வயலின், பெரிய வயலின், அதைவிடப் பெரியது, ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒன்று. எல்லாரும் வில்லை எடுத்துத் தந்தியில் வைத்தார்கள். வில் அசைந்தது. சொரிமுத்து தயாரானார். தலையை ஆட்டினார். தொடையில் தாளம் போட்டார். கண்ணை மூடி, "பலே" என்றார்.

முன் பெஞ்சு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அது சுருதி சேர்ப்பது. அந்தக் காலத்து வழக்கப்படி ஆட்டுக்குடலில் செய்த தந்திகளாம். மும்பை ஈரக்காற்றில் நிமிஷத்துக்கு நிமிஷம் இளகுமாம். சேர்த்தார்கள், சேர்த்தார்கள், சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். சொரிமுத்து அத்தனைக்கும் தாளம் போட்டார்.

பிறகு உண்மையிலேயே ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று எப்படித் தெரிந்தது என்றால், எல்லா வில்லும் ஒரே நேரத்தில் இறங்கின. பெஞ்சு லேசாக அதிர்ந்தது. அந்த ஆள் உயர வயலின்தான். அதன் சத்தம் மரத்தின் வழியாக ஏறி முதுகுத்தண்டில் வந்து நின்றது. ஆகா, இது கேட்கிறதே என்று சொரிமுத்து நிமிர்ந்தார். மற்றவைக்காகக் காத்திருந்தார்.

மற்றவை வரவில்லை.

நாலைந்து பேர் சின்ன வயலினைத் தோளில் வைத்து, சாமி வந்தவர்கள் போல வில்லை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முடி பறந்தது. வியர்வை வழிந்தது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. சொரிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார். மைக் இல்லாமல் வந்தால் இப்படித்தான், சும்மா கையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சுற்றிலும் பார்த்தார். இருநூறு முகங்களும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. இருநூறு பேரையும் ஏமாற்ற முடியாது. அப்போது கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று அசைந்தது. அது பயம். சின்ன வயலின் இருக்கும் அந்தப் பக்கம் முழுக்கத் தனக்குக் கதவு சாத்திவிட்டது என்று தெரிந்தது. பேத்தியின் கீச்சுக்குரலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அவர் பயத்தை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டு, தலையை இன்னும் வேகமாக ஆட்டினார்.

முருகம்மாள் அவர் பக்கம் சாய்ந்தாள். ஓரக்கண்ணில் அவள் உதடு அசைவது தெரிந்தது. என்ன கேட்கிறாள்? 'என்னது' என்றால் கதை கந்தல். சொரிமுத்து கம்பீரமாகத் தலையாட்டினார். அவள் திருப்தியாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேடையில் எல்லாரும் வில்லை இறக்கினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து நின்று தனியாக வாசிக்கத் தொடங்கினாள். வில் அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சர்ச் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வலது விலாவில் பொட்டென்று ஒரு இடி விழுந்தது.

கைதட்டுகிற இடம்! சொரிமுத்து தட்டினார். கணபதிப் பந்தலில் தட்டுகிற மாதிரி தட்டினார். கல் கூரை அதை வாங்கித் திருப்பிப் போட்டது. இருநூறு பேரும் திரும்பினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்தது. எல்லார் விரலும் உதட்டின் மேல் இருந்தது. இன்னொரு இடி எங்கே, நிறுத்துகிற இடி எங்கே என்று கரீம் பாட்சாவைப் பார்த்தார். பாய் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில்தான் முழங்கை சரிந்திருக்கிறது. ஃபேனை அணைத்த புழுக்கம், மெல்லிய சங்கீதம், பெஞ்சில் சாய்மானம். ஆள் சுகமாகத் தூங்காமல் என்ன செய்வார்?

சொரிமுத்துவுக்குக் கழுத்து வரை சூடேறியது. திட்டக் கூட வழியில்லை. அவருடைய ரகசியக் குரலே மாட்டுங்கா ஸ்டேஷன் அறிவிப்பு அளவுக்கு இருக்கும்.

அந்தப் பெண் வாசிப்பை நிறுத்தவில்லை. சொரிமுத்து முகத்தை மறைக்க இடது பக்கம் திரும்பினார். முருகம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

தேம்பல் இல்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கக் கூட இல்லை. எதற்கு அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வயலினில் ஏதோ இருந்திருக்கிறது. அது அவளுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த முறை அவள் அதை அவருக்குக் கத்திச் சொல்லவும் போவதில்லை. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி அவர் பக்கம் சாய்ந்தாள். உதடு அசைந்தது. இந்த முறை நீளமாக அசைந்தது. அம்மாவைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தார். மனசு இளகிப்போய், தலையை நன்றாக ஆட்டி, "சரி, சரி," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

கச்சேரி முடிந்தது. இந்தத் தடவை எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சொரிமுத்து தட்டவில்லை. ஏற்கெனவே தட்டியாயிற்று.

வாசல் படிக்கட்டில் வைத்து முருகம்மாள் சில நாளைக்குப் பிறகு குரலை உயர்த்தினாள்.

"எல்லாம் கேட்டுச்சா?"

"ஒண்ணு விடாம கேட்டுச்சு. தேன் மாதிரி."

"அந்தப் பொண்ணு தனியா வாசிச்சது?"

"அது தேனுல போட்ட பலாச்சொள!"

"அப்பம் நான் கேட்டதும் உங்களுக்குக் கேட்டிருக்கும். ரெண்டு வாட்டி கேட்டேன்லா? ரெண்டு வாட்டியும் தலையாட்டுனீங்க. ரெண்டாவது வாட்டி சரி சரின்னு வாயாலயும் சொன்னீங்க. சர்ச்சுல இருந்த அத்தன ஜனமும் சாட்சி."

"ஆமா. சொன்னேன். அதுக்கென்ன?"

"என்ன கேட்டேன்?"

சொரிமுத்து கரீம் பாட்சாவைப் பார்த்தார். பாய் கொட்டாவி விட்டார்.

"நீ கேட்டத நான் திருப்பிச் சொல்லணுமாக்கும்? நான் என்ன டேப் ரிக்கார்டரா?"

"சரி, நானே சொல்லுதேன். நாளைக்குக் காலைல மாட்டுங்காவுல காது டாக்டர்கிட்ட போவமான்னு கேட்டேன். சரின்னுட்டீங்க."

சொரிமுத்து வாயைத் திறந்தார். 'நீ எப்பம் கேட்ட?' என்று வாய் வரை வந்தது. அப்படியே நின்றது. கேட்கவில்லை என்று சொன்னால் பந்தயம் தோற்றது, டாக்டர். கேட்டது என்று சொன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று, டாக்டர். எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த டாக்டர் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முருகம்மாள் மேல் அவருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஆனால் போகத்தான் வேண்டுமென்றால் தோற்றுப் போவதைவிட ஜெயித்துப் போவது மேல். குறைந்தபட்சம் மானம் மிஞ்சும்.

"ஆமாட்டி, கேட்டுச்சு! ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு! பாவம், பொம்பள ஆசப்பட்டுக் கேக்காளேன்னு சரின்னேன். நாளைக்கு வாரேன், உனக்காவ வாரேன். ஆனா பந்தயத்துல ஜெயிச்சது நான். பாய், நீருதான் சாட்சி. என் காதுல நீ கேட்டது தெளிவா விழுந்துச்சு!"

சர்ச் கோபுரத்திலிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன. ரோட்டில் போன டாக்ஸிக்காரன் வண்டியை மெதுவாக்கினான். சொரிமுத்துவுக்கு அந்த வாரத்திலேயே முதல்முறையாகக் கோபம் கொஞ்சம் தணிந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்போதுதான் சங்கரன் படியிறங்கி வந்து, முருகம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆடியன்ஸ்னா உங்களாட்டம் இருக்கணும். பக்கத்துலயேதானே இருந்தேன், பாத்துண்டே இருந்தேன். நடுவுல ரெண்டு தடவை என்னமோ ஜபம் பண்ணேள் போல இருக்கு, ஆனா உதடு மட்டும்தான் அசைஞ்சது. மூச்சுச் சத்தம் கூட வரலை."

கரீம் பாட்சா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னது?" என்றார் சொரிமுத்து.

கரீம் பாட்சாவின் சிரிப்பு இன்னும் கூடியது.

"என்னதுவே பாய்? சார் என்ன சொல்லுதாரு?"

முருகம்மாள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, வலது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். கத்தவில்லை.

"உள்ள வச்சு உங்ககிட்ட நான் ஒண்ணுமே கேக்கலையாம். வாய மட்டும்தான் அசச்சேனாம்."

அன்று முழுவதும் கத்தாமல் சொல்லி சொரிமுத்துவின் காதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது அது ஒன்றுதான்.